பதினைந்து நிமிட விண்கப்பல்

எங்கள் விண்கப்பலின் கட்டளைத்தளம் 20 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்டது. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் கார் திருத்தும் கடை ஒன்றின் பின்புறத்தில் மாத வாடகைக்கு எடுத்த களஞ்சிய அறையில், 2018 ஒக்டோபரிலிருந்து 2019 மார்ச் வரை அது நின்றது. அங்கே 23 பேர் ஒரு சதமும் வாங்காமல் 11 நாள்கள் உழைத்து எடுத்தது, 14 நிமிடம் 38 விநாடி ஓடும் ஒரு ரசிகர் படம்; அதாவது ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் உலகத்தை வைத்து ரசிகர்களே எடுத்த படம். உரையாடல் முழுவதும் தமிழில். நான் அதன் தயாரிப்பாளராக இருந்தேன். அதாவது வாடகை, சாப்பாடு, காப்புறுதி, நாட்குறிப்பு, கணக்கு ஆகியவற்றைப் பார்த்தேன். கணக்கின்படி எங்களுக்குச் செலவானது ஏறத்தாழ 9,400 கனடிய டொலர். ஆனால் நான் உண்மையில் செலவழித்தது மற்றவர்களுடைய வார இறுதிகளை. அந்த இரண்டாவது கணக்கை முதல் நாளிலிருந்தே வைத்திருக்க வேண்டும் என்பதை நான் பாதி வழியில்தான் உணர்ந்தேன். இந்த அனுபவத்தை எழுத முதற்காரணம் அதுதான்.

ஸ்டார் ட்ரெக் கனடாவுக்கு அந்நியமான தொடர் அன்று. 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவில் அது தொடங்கியதற்கு 2 நாள்கள் முன்பே, இங்கே சி.டி.வி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிவிட்டது. கப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னர் மொன்றியலில் பிறந்தவர். பொறியியலாளராக நடித்த ஜேம்ஸ் டூஹான் வன்கூவரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவனாக இங்கு வந்த எனக்கு, பாடசாலை முடிந்து வந்து அண்ணனோடு பார்த்த மறு ஒளிபரப்புகளே ஆங்கிலம் கற்பித்தன. அந்தக் கப்பலில் யாராவது ஒருநாள் தமிழில் பேச வேண்டும் என்ற ஆசை அப்போது தோன்றி, நாற்பது வயதைத் தாண்டியும் போகாமல் இருந்தது.

ஆசை இருந்தாலும் கதை எங்களுடைய சொத்து அல்ல. எனவே முதலில் செய்ய வேண்டியது உரிமையாளர்கள் எதை அனுமதிக்கிறார்கள் என்று வாசிப்பதுதான். அக்சனார் என்ற ரசிகர் படத்துக்காகப் பொதுமக்களிடம் 10 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டப்பட்ட நிலையில், 2015 டிசெம்பரில் பரமவுண்ட், சி.பி.எஸ். ஆகிய இரு நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. 2017 ஜனவரியில் அது சமரசத்தில் முடிந்தது. இடையில், 2016 ஜூனில், ரசிகர் படங்களுக்கான 10 விதிகளை அந்நிறுவனங்கள் வெளியிட்டன. ஒரு கதை 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரண்டு பகுதிகளாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தலைப்பில் தொடரின் பெயர் வரக்கூடாது. அது ரசிகர் தயாரிப்பு என்பதைத் துணைத்தலைப்பு சொல்ல வேண்டும். திரட்டும் பணம் 50,000 அமெரிக்க டொலருக்கு மேற்படக்கூடாது. படத்தை இலவசமாகவே காட்ட வேண்டும். வேலை செய்பவர்கள் ஊதியம் பெறாத ஆர்வலர்களாக இருக்க வேண்டும். கனடிய பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 29.21 ஆம் பிரிவு, வணிக நோக்கமற்ற தனியாட்கள் ஏற்கெனவே உள்ள ஆக்கத்தைக் கொண்டு புதிய ஆக்கம் செய்வதற்குச் சில நிபந்தனைகளோடு இடமளிக்கிறது. அது எங்களுக்குத் துணிவு தந்தது என்றாலும், நாங்கள் அந்த 10 விதிகளையே எல்லையாக வைத்துக்கொண்டோம். நேசிக்கிற ஒன்றை வைத்திருப்பவரோடு சண்டைக்குப் போய் அதைக் கொண்டாட முடியாது என்பது என் நிலைப்பாடு.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இந்த விதிகளில் ஒன்று தனியாக வலிக்கும். தொடரின் எந்தத் தயாரிப்பிலும் இப்போதோ முன்னரோ வேலை செய்தவர் ரசிகர் படத்தில் பங்கெடுக்க முடியாது. 2017இல் வெளிவந்த புதிய ஸ்டார் ட்ரெக் தொடர் ரொறன்ரோவிலேயே படமாக்கப்பட்டதால், ஒப்பனை, தச்சு, மின்சார வேலைகள் தெரிந்த பலர் எப்போதாவது சில நாள்களாவது அங்கே போய் வந்திருந்தார்கள். ஒப்பனைக்கு மனமுவந்து முன்வந்த ஒரு தங்கை, அங்கே சில நாள்கள் உதவியாளராக இருந்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாள் அவரை அழைத்து, வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அவர் புரிந்துகொண்டார். ஆனால் அதற்குள் அவர் இரண்டு மாலைகளை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அதன்பின் யாரையும் சேர்க்குமுன் நான் கேட்கிற முதற்கேள்வி அதுவானது.

15 நிமிடம் என்ற எல்லை முதலில் கைவிலங்குபோல் தெரிந்தது. எங்கள் முதற்பிரதி 52 பக்கம். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும். இரண்டு கோள்கள், மூன்று கப்பல்கள், ஒரு நீதிமன்றம் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் எஞ்சியது ஒரு கட்டளைத்தளம், ஒரு இயந்திர அறையின் மூலை, ஒரு கடற்கரை. கதையும் ஒன்றாகச் சுருங்கியது: இயந்திர அறையில் மாட்டிக்கொண்ட பொறியியலாளரை விட்டுவிட்டுக் கப்பலைக் காப்பாற்றுவதா என்று கப்டன் முடிவெடுக்க வேண்டும். நாங்கள் எடுக்கக்கூடிய அளவுக்குக் கதையைக் குறைத்தபோதுதான் அது கதையாயிற்று.

தமிழில் எழுதியதால் எழுந்த ஒரு கேள்வியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆங்கிலத்தில் கப்டனுக்கும் கடைநிலை அலுவலருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். தமிழில் கப்டன் வாயைத் திறந்தவுடனேயே எதிரில் இருப்பவர் யார் என்று முடிவாகிவிடுகிறது. எல்லோரையும் 'நீங்கள்' என்று அழைத்தால் கட்டளை, வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் ஒலித்தது. 'நீ' என்றால் கப்டன் முரடராகத் தெரிந்தார். ஒத்திகையில் இரண்டு வாரம் தடுமாறிய பிறகு, எங்கள் ஊர்ப் பேச்சில் உள்ள 'நீர்' நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் வளர்ந்த மாணவரிடமும், மேலதிகாரி அலுவலரிடமும், சில வீடுகளில் கணவன் மனைவியிடமும் பயன்படுத்தும் அந்த நடுத்தர மரியாதை, ஒரு விண்கப்பலின் கட்டளைத்தளத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. 'பாரும்', 'சொல்லும்', 'கப்பலைத் திருப்பும்' என்று கப்டன் சொல்ல, அலுவலர்கள் அவரை 'நீங்கள்' என்றார்கள். பொறியியலாளர் கப்டனின் பள்ளித்தோழர். மற்றவர்கள் முன்னிலையில் அவரையும் 'நீர்' என்றே அழைக்கும் கப்டன், கடைசிக் காட்சியில் தொடர்புக் கருவியில் ஒரேயொரு முறை, "நீ வெளியில வா" என்கிறார். எங்கள் படத்தில் ஆகச் செலவு குறைந்த காட்சி அது. கப்டனாக நடித்தவர் இங்கே பிறந்த பெண். வீட்டில் 'நீர்' கேட்டு வளராதவர். தன் அம்மம்மாவிடம் போய் ஒரு வாரம் அதைப் பழகிக்கொண்டு வந்தார்.

கலைச்சொற்களுக்கு நாங்கள் வைத்த சோதனை எளிது: அந்தச் சொல்லை அவசரத்தில் கத்திச் சொல்ல முடிய வேண்டும். 'கேடயம்' தேறியது. ஒளியைவிட வேகமாகப் பறப்பதைக் குறிக்கும் 'வளைவேகம்' தேறவில்லை. இயந்திரத்தோடு வாழ்கிற எந்தத் தமிழரும் அதன் பாகங்களை அகராதியிலிருந்து எடுத்துச் சொல்வதில்லை என்பதால், ஆங்கிலத்தில் உள்ளபடி 'வோர்ப்' என்றே விட்டுவிட்டோம். கப்பலின் கணினிக்கு மட்டும் புகையிரத நிலைய அறிவிப்பின் நடையைக் கொடுத்தோம். அது யாரையும் முன்னிலைப்படுத்திப் பேசாது.

இனிக் கட்டுமானம். மரவேலை தெரிந்த ஓர் அண்ணைதான் எங்களுடைய கலை இயக்குநர், தச்சர், மின்வேலையாளர் எல்லாம். அவர் முதல் நாள் என்னிடம் கேட்டது: "தம்பி, கமரா எங்க நிக்கப்போகுது எண்டு முதல் சொல்லும். மற்றப் பக்கத்துக்கு ஏன் பலகை?" அதனால் கட்டுவதற்கு முன் தரையில் ஒட்டுநாடாவால் தளத்தை வரைந்து, கதிரைகளை வைத்து, கைத்தொலைபேசியால் முழுப்படத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். நான்கு சுவர்கள் வேண்டும் என்று நினைத்த இடத்தில் இரண்டரைச் சுவர் போதும் என்று தெரிந்தது. ஒரு சுவரைச் சில்லுகளில் ஏற்றினோம். அதை நகர்த்தினால் கமராவுக்கு வழி, திருப்பினால் அதுவே இயந்திர அறை. அந்த ஒரு மாலை எங்களுக்கு மூன்று வார இறுதிகளை மிச்சப்படுத்தியது.

அவரிடம் கேட்காமல் நான் செய்த ஒரு வேலை ஒரு வார இறுதியைத் தின்றது. கட்டுப்பாட்டு மேசைகளை, வீட்டுச் சுவருக்குள் வைக்கும் இளஞ்சிவப்பு நிற இன்சுலேஷன் நுரைப்பலகையில் வெட்டியிருந்தோம். இலேசானது, கத்தியால் செதுக்கலாம், மலிவு. நடிகர்கள் வருவதற்கு முதல்நாள் இரவு, நேரமில்லையே என்று நான் தனியாக நின்று கேனில் வரும் சாம்பல்நிற ஸ்பிரே பெயின்ற் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது, மூன்று பேர் நான்கு நாள் செதுக்கிய விளிம்புகள் வெயிலில் வைத்த மெழுகுபோல் உள்வாங்கி, புழு அரித்த மரம்போல் குழிகுழியாகக் கிடந்தன. அந்த வகைப் பெயின்ற்றில் உள்ள கரைப்பான், அந்த நுரைப்பலகை செய்யப்படும் பொலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசையோடு தண்ணீர் கலந்து இரண்டு முறை பூசிக் காயவிட்டு, அதன்மேல் நீரில் கரையும் சுவர்ப் பெயின்ற்றைத் தூரிகையால் அடித்தால் ஒன்றும் ஆகாது. எந்தப் பொருளையும் முதலில் ஒரு துண்டில் அடித்து ஓரிரவு வைத்துப் பாருங்கள். அன்று ஒன்பது நடிகர்களுக்கு நான் தொலைபேசி எடுத்து வரவேண்டாம் என்று சொன்னேன். அவர்களில் இருவர் அதற்காக வேலையில் விடுப்பு எடுத்திருந்தார்கள்.

சுவர் வெறுமையாக இருந்தால் பெட்டிபோல் தெரியும். சிறு சிறு புடைப்புகள் இருந்தால் கண் அதை இயந்திரம் என்று நம்பும். அதற்காகப் பழைய அச்சுப்பொறிகளைக் கழற்றினோம், முட்டைத் தட்டுகளை ஒட்டினோம். இவற்றில் மிகச் சிறப்பாக அமைந்தவை, எங்களுக்குச் சமைத்துத் தந்த மாமியின் வீட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகள். வட்டமாக, சன்னமான வலைப்பின்னலோடு இருக்கும் அவற்றைச் சாம்பல் நிறம் அடித்து, பின்னால் நீல விளக்கு வைத்தபோது, குளிர்க்காற்று வரும் துவாரம் என்றே எல்லோரும் சொன்னார்கள். கப்டன் கதிரை, உடைக்கப் போட்ட வான் ஒன்றின் சாரதி இருக்கை. சீருடைகளை, இங்கே சேலைச் சட்டை தைத்துக்கொடுக்கும் ஓர் அக்கா தைத்தார். அவர் எல்லோரையும் கதிரையில் இருக்கவைத்து அளவெடுத்தார். நின்றபடி அளவெடுத்த மேற்சட்டை கதிரையில் இருக்கும்போது வயிற்றுக்கு மேலே ஏறிவிடும் என்றும், உங்கள் ஆட்கள் படம் முழுக்க இருந்துகொண்டுதானே பேசுகிறார்கள் என்றும் அவர் சொன்னது, கதையை எங்கள் எல்லோரையும்விடக் கவனமாக வாசித்த ஒருவரின் பேச்சு.

விளக்கில் ஒரு பிழை எங்களைப் பிடித்தது. மலிவான எல்.இ.டி. பட்டிகளை ஒளி குறைப்பானோடு இணைத்தால் கண்ணுக்கு அழகாக மங்கும். கமராவில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடும். அந்தக் குறைப்பான் ஒளியை உண்மையில் குறைப்பதில்லை, மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. நாங்கள் குறைப்பானைக் கழற்றிவிட்டு, கேக் தட்டில் விரிக்கும் தாளை இரண்டு மூன்று மடிப்பாகப் பட்டியின்மேல் ஒட்டி ஒளியை மட்டுப்படுத்தினோம். இங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ் என்பதால் கமராவின் ஷட்டர் வேகத்தை 1/60 விநாடியில் வைத்தது கூரைக் குழாய் விளக்குகளின் துடிப்பையும் போக்கியது. ஜன்னலில் தெரியும் விண்வெளிக்குப் பச்சைத்திரை கட்டவில்லை; பெரிய தொலைக்காட்சி ஒன்றை ஜன்னலுக்குப் பின்னால் வைத்து நட்சத்திரங்களை ஓடவிட்டோம். அந்த ஒளி நடிகர்களின் முகத்திலும் விழுந்தது. பிறகு கணினியில் செய்ய வேண்டியிருந்த வேலை எவ்வளவோ குறைந்தது.

ஒலிதான் எல்லாவற்றிலும் கடினம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு விளங்காவிட்டால் எழுந்து போய்விடுவார். ஜனவரியில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. களஞ்சியத்தின் கூரையில் தொங்கிய எரிவாயு வெப்பமூட்டியின் விசிறி, பேருந்து நிற்பதுபோல் உறுமும். நிறுத்தினால் அறை குளிரும். சிறிது நேரத்தில் நடிகர்களின் மூச்சு வெண்புகையாகக் கமராவில் தெரியும். முதல் நாள் முழுவதும் விசிறி ஓட எடுத்த உரையாடல் எதுவும் பயன்படவில்லை. பிறகு ஒரு முறையைக் கண்டுபிடித்தோம். காட்சிக்கு முன் அறையை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, 12 நிமிடம் எடுத்து, மறுபடி ஏற்றுவோம். அந்த 12 நிமிடத்துக்குள் என்ன எடுப்பது என்பது முதலே எழுதியிருக்க வேண்டும். ஒலிவாங்கி நடிகரின் தலைக்கு மேலே ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் அறையைத்தான் பதிவு செய்கிறீர்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெற்று ஒலியைப் பதியுங்கள். தொகுப்பில் வெட்டு விழும் இடங்களை மூட அது வேண்டும். இறுதியில் அந்த வெப்பமூட்டியின் உறுமலையே தனியாகப் பத்து நிமிடம் பதிந்து, சுருதியைக் கீழே இறக்கி, கட்டளைத்தளக் காட்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் கப்பலின் இயந்திர ஒலியாக ஓடவிட்டோம். வேறுவேறு நாளில் எடுத்த பேச்சுகள் ஒரே அறையில் பேசியவைபோல் ஒட்டிக்கொண்டன.

வெளிப்புறத்துக்கு நாங்கள் முதலில் விரும்பியது கலிடனில் உள்ள செல்ட்டனம் செந்நிலத்தை. இரும்புத் துருவால் சிவந்த களிப்பாறை மேடுகள் செவ்வாயைப்போலவே இருக்கும். ஆனால் மக்கள் நடந்து நடந்து தேய்ந்ததால் 2015இல் அதை மூடி, 2018இல் மரநடைபாதை அமைத்துத்தான் மீண்டும் திறந்தார்கள். மண்ணில் கால் வைக்க அனுமதியில்லை, வைக்கவும் கூடாது. அதனால் ஸ்காபரோ ஒங்கல்களின் அடிவாரத்துக்குப் போனோம். ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளத்துக்கு, சில இடங்களில் 90 மீற்றர் உயரத்துக்கு நிற்கும் அந்த மண்சுவர்கள், நவம்பர் மாலை வெயிலில் வேறொரு கோளாகவே தெரிந்தன. மண் சரியும் என்பதால் சரிவில் ஏறாமல், கீழே கரையிலேயே நின்று எடுத்தோம். நகர அனுமதியும் பொறுப்புக் காப்புறுதியும் பெற்றிருந்தோம். கதையில் இருந்த துப்பாக்கிகளைப் பொது இடத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவுசெய்து, அந்தக் காட்சியிலிருந்தே நீக்கினோம். உரையாடல் முழுவதிலும் கடற்பறவைகள் கத்தின. அவற்றை நீக்க முடியாமல், நடிகர்களை மறுபடி அழைத்துக் குரலைத் தனியாகப் பதிந்தோம். வெளிப்புறக் காட்சிக்கு உரையாடலே எழுதாமல் இருப்பது நல்லது.

பழைய தொடரில் ஆட்களை ஓரிடத்திலிருந்து மறைத்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் கருவி வந்ததே, ஒவ்வொரு வாரமும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டச் செலவு கட்டுப்படியாகாது என்பதால்தான். அந்த மினுக்கத்துக்கு அன்று அலுமினியத் தூளைக் கறுப்புத் திரைக்கு முன்னால் கொட்டிப் படம்பிடித்தார்கள். மூடிய அறையில், எரிவாயுச் சுவாலைக்குப் பக்கத்தில், எளிதில் தீப்பற்றும் அந்தத் தூளைத் தொடக்கூடாது. நாங்கள் பெரிய கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஜிகினாத் தூள் இரண்டு தேக்கரண்டி போட்டு, பின்னால் கறுப்புத் துணி கட்டி, பக்கத்திலிருந்து கைவிளக்கு அடித்து, அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தோம். தூள் முதலில் சுழன்று, பிறகு ஆறுதலாக, ஒவ்வொன்றாகக் கண்சிமிட்டியபடி கீழே இறங்கும். அதை நடிகரின் உருவத்துக்குள் பதித்தபோது, கணினியில் நாங்கள் ஒரு மாதம் முயன்றும் வராத உயிர் அதில் இருந்தது.

கப்பல் பறக்கும் காட்சிகளை இலவச மென்பொருளான பிளெண்டரில் செய்தோம். விநாடிக்கு 24 சட்டகம். 6 விநாடிக்கு 144. எங்கள் கணினியில் ஒரு சட்டகத்துக்கு 7 நிமிடம் என்றால், அந்த 6 விநாடிக்கு ஏறத்தாழ 17 மணித்தியாலம். அதைச் செய்த தம்பி இரவு வேலைக்குப் போய்வந்து காலையில் பார்ப்பார். கப்பல் பிழையான பக்கம் திரும்பியிருக்கும். 31 காட்சிகள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். படத்தைத் தொகுத்து, அந்த இடங்களில் பென்சில் படங்களை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தபோது 19 போதும் என்று தெரிந்தது. அப்போது அவர் 4 காட்சிகளை முடித்திருந்தார். அவற்றில் இரண்டு படத்தில் இல்லை. முதலில் தொகுத்துவிட்டுப் பிறகு கேட்டிருந்தால் அந்த இரவுகள் அவருடையவை.

அதன்பின்தான் நான் நாட்குறிப்பை மாற்றினேன். ஒவ்வொருவருக்கும் எதிரே, அவர் கொடுத்த மணித்தியாலங்களையும், அவற்றில் படத்துக்குப் போனவற்றையும் எழுதினேன். பலருக்குச் சனிக்கிழமை காலை பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. அதனால் சனி 2 மணிக்குத்தான் தொடங்குவோம் என்று எழுதி வைத்தோம். ஒரு வசனம் உள்ளவரைக் காலையில் வரவழைத்து மாலையில் எடுப்பதை நிறுத்தி, அவருடைய காட்சியை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்து அனுப்பினோம். 6 மணிக்குச் சூடான சாப்பாடு, என்ன நடந்தாலும். ஒரு முறை நல்ல காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது 6 மணி ஆனது, நிறுத்தினோம். மறுநாள் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். எடுத்தவற்றை அன்றிரவே மூன்று பிரதிகளாக்கி, ஒன்றை வேறொரு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் அதே கணக்கில்தான் வரும்.

2019 ஒக்டோபரில் ஒரு விருந்து மண்டபத்தில், வேலை செய்தவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்குமாகப் படத்தைக் காட்டினோம். ஏறத்தாழ எழுபது பேர். "நீ வெளியில வா" என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. படம் முடிந்து விளக்குப் போட்டதும், மாமி முன்வரிசையிலிருந்து எழுந்து நின்று, அந்த நீல வெளிச்சம் வருகிற சுவரை இன்னொருக்கால் காட்டச் சொன்னார். காட்டினோம். "உது என்ர இடியப்பத் தட்டெல்லோ!" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஏழு தட்டுகள். பெயின்ற் அடித்தவற்றில் இனி அவிக்க முடியாது என்பதால், அடுத்த சனிக்கிழமை புதிதாக ஏழு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.